ரிசல்ட் வருவதற்கு முன்னால் உள்ள நாற்பது நாள்

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை மார்ச் மாதம் முடிகிறது, ரிசல்ட் மே மாதம் வருகிறது. நடுவில் நாற்பது நாள், சில வருடம் நாற்பத்தைந்து நாள் கிடைக்கும். பிள்ளைகள் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கட்டும், முட்டத்துக்குப் போய்க் கடல் பார்க்கட்டும், கோயில் கொடையோ பெருநாளோ வந்தால் கொண்டாடட்டும். ஆனால் அதில் ஒரு பத்து நாளை மட்டும் எடுத்து, கீழே சொல்கிற வேலைகளைச் செய்து வைத்தால் மே மாதத்தில் வீடு நிம்மதியாக இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் ஒரு சின்னக் கடையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். ரிசல்ட் வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே கடை வாசலில் ஆள் நிற்பார்கள். "எக்கா, இந்த மார்க்குக்கு என்ன கோர்ஸ் கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறோம் என்றால், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர் சொல்வதுதான் பதில் ஆகிவிடும். அது சித்தப்பாவாக இருக்கலாம், கையில் நோட்டீஸ் வைத்திருக்கிற ஏஜென்டாகவும் இருக்கலாம். வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்கிற குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஃபைல்

கோர்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் காகிதங்களை எடுங்கள், ஏனென்றால் அதிக நாள் பிடிப்பது அதுதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, தேவைப்பட்டால் இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்று. எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை, கட்டணம் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகப் போகும். ஏப்ரலில் போட்டால் சத்தமில்லாமல் வந்துவிடும். மே மாதம் மாவட்டம் முழுக்க எல்லாரும் ஒரே வாரத்தில் போடுவார்கள், அப்போது கல்குளம் தாலுகா அலுவலகம் தக்கலையிலும் விளவங்கோடு தாலுகா அலுவலகம் குழித்துறையிலும் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பெண் வந்தாள், அப்பா கொத்தனார், நல்ல மார்க். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்தான் ஆதாரில் இருந்தது, பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த பெயர் வேறு. பத்தாம் வகுப்பு சான்றிதழில் ஒரு இனிஷியல், சாதிச் சான்றில் அப்பாவின் முழுப்பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். நாலு காகிதத்தையும் கண்ணாடி மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோது நாலு பேருடைய காகிதம் மாதிரி இருந்தது. அவள் அம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றார்கள். ஆதாரைத் திருத்தி வங்கிக் கணக்கையும் மாற்ற மூன்று வாரம் ஆனது. ஆகவே இன்றைக்கே பத்தாம் வகுப்பு சான்றிதழை நடுவில் வையுங்கள், மற்ற எல்லாக் காகிதத்திலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி அதைப் போலவே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மாற்ற வேண்டியதை இப்போதே மாற்றுங்கள். பிள்ளை பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு, இதுவும் இந்த நாட்களில் முடிய வேண்டிய வேலை.

எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு ஒன்று தனியாக. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்திலிருந்து கேரளப் பள்ளிகளில் படிக்கிறவர்கள் உண்டு. 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழக இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இருப்பிடச் சான்று தேவையில்லை. நடுவில் கேரளத்தில் படித்திருந்தால் அந்தச் சான்று கட்டாயம் வேண்டும், மறக்காமல் வாங்கி வையுங்கள்.

எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் அதிகம். சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்துகிற எய்டட் பள்ளிகள் இங்கே நிறைய. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, மதிய உணவு உண்டு, புத்தகம் இலவசம், அதனால் வீட்டில் அதை "கவர்மெண்ட் ஸ்கூல்" என்றே சொல்கிறார்கள். சலுகை என்று வரும்போது இரண்டும் ஒன்றல்ல.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட அரசே கட்டுகிறது. எய்டட் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. ஆனால் பெண்களுக்கான புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமல்ல, எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டப்படிப்புக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் கூட இந்தப் பணம் வரும். எந்தெந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதற்குத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் ஒரு சான்று வாங்கி ஃபைலில் வையுங்கள்.

ஒரு நாள் கோணம் போய் வாருங்கள்

நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிற ஒன்று இது. நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, அரசு ஐடிஐ இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியான இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் அங்கேதான். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் காலையிலேயே போங்கள். ஐடிஐ ஒர்க்‌ஷாப்பை வெளியிலிருந்தாவது பாருங்கள். லேத் ஓடுகிற சத்தம் பிடிக்கிற பிள்ளை வேறு, பிடிக்காத பிள்ளை வேறு. அதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தொழில்நெறி வழிகாட்டலும் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தருகிற தன்னார்வப் பயிலும் வட்டமும் உண்டு, கேட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு பேப்பரில் மூன்று வழி எழுதுங்கள். முதலாவது பிள்ளைக்கு மனதில் உள்ளது. இரண்டாவது மார்க் கொஞ்சம் குறைந்தாலும் நடக்கக்கூடியது. மூன்றாவது ரொம்பக் குறைந்தாலும், ஒரு பாடம் போனாலும் கையில் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை வருடம், வருடத்துக்கு எவ்வளவு பணம், வீட்டிலிருந்து போய் வர எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். எழுத வேண்டியது பிள்ளைதான், அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் போதும்.

வழிகள்

கலை, அறிவியல் படிப்புதான் நம் மாவட்டத்தில் அதிகம் பேர் போகிற வழி. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா, குழித்துறை ஸ்ரீதேவி குமரி என்று எல்லாப் பக்கமும் கல்லூரி இருக்கிறது. இவை எய்டட் கல்லூரிகள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே கல்லூரிக்குள் எய்டட் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும், வாசலும் ஒன்றுதான், பெயர்ப்பலகையும் ஒன்றுதான், கட்டணம் மட்டும் சில மடங்கு வித்தியாசப்படும். விண்ணப்பம் வாங்கும்போதே "இது எய்டடா, செல்ஃபா?" என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். எய்டட் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் போடலாம். ஒரு கல்லூரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், மூன்று நான்கிலாவது போடுங்கள்.

இன்ஜினியரிங்குக்கு கட்-ஆஃப் 200க்குக் கணக்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி. கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 70 என்றால் 82, 38, 35 சேர்த்து 155. ஆன்லைன் பதிவு பெரும்பாலும் ரிசல்ட் வருகிற சமயத்திலேயே தொடங்கி ஒரு மாதம் போல இருக்கும். கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது பல பேர் தவறுகிறார்கள். "இது கிடைக்காது, எதற்கு மேலே போட வேண்டும்" என்று நினைத்து, விருப்பமானதைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். விருப்பம் எந்த வரிசையோ அந்த வரிசையிலேயே போடுங்கள், மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே அடுத்ததைப் பார்க்கும், உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரே மாதிரிப் பெயரில் கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் கல்லூரியின் குறியீட்டு எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

மருத்துவத்துக்கு நீட் எழுதியே ஆக வேண்டும். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும், நாகர்கோவிலில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு அந்த ஆசை இயல்பு. சட்டம் என்றால் பக்கத்தில் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி, பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருடப் படிப்பு.

பாலிடெக்னிக்கையும் ஐடிஐயையும் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிளஸ் டூவில் அறிவியலோ தொழிற்பிரிவோ படித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், இரண்டே வருடத்தில் டிப்ளமோ கையில். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்களும் அப்படியே சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். ஆக எந்தப் படியில் காலை வைத்தாலும் மேலே போக வழி இருக்கிறது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வேலைக்கு எங்கே போவது என்று கேட்டால், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகும்போது நிமிர்ந்து பாருங்கள். அத்தனை காற்றாலைக்கும் எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் வேண்டும். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை, மாவட்ட எல்லையைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம். இஸ்ரோவும் அணுமின் நிலையமும் ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களை அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எடுக்க அறிவிப்பு போடுவார்கள். அப்ரண்டிஸ் முடித்தால் நிரந்தர வேலை உறுதி என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பயிற்சிச் சான்றுக்கு வேறு இடங்களில் மதிப்பு இருக்கிறது.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடல் தெரியும் என்பதே ஒரு தகுதி, அதைப் படிப்பாக மாற்றலாம். கொச்சியில் மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் இருக்கிறது, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. மீன்பிடிக் கப்பல் ஓட்டுவதற்கும் இன்ஜின் வேலைக்கும் அங்கே இரண்டு வருடப் படிப்புகள் நடக்கின்றன. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கடலோரக் காவல் படையில் நாவிக், அதாவது மாலுமி வேலைக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், பத்தாம் வகுப்பு போதும் என்கிற பிரிவும் உண்டு.

அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு தகுதி போதும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்காகப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டே தயார் செய்யலாம்.

நர்சிங், கப்பல், வெளிநாடு: முன்பணம் கேட்பவர்கள்

நம் மாவட்டத்தில் நர்சிங் படிக்காத குடும்பம் குறைவு. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், டிப்ளமோ மூன்று வருடம். நல்ல படிப்பு, நல்ல வேலை, வெளிநாட்டுக் கதவையும் திறக்கிற படிப்பு. அதனால்தான் ஏஜென்ட்களும் அங்கேதான் அதிகம்.

கடற்கரை ஊர்ப் பெண் ஒருத்தி. ரிசல்ட் வந்த மூன்றாம் நாளே வேறு மாநிலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள், ஏஜென்ட் வீட்டுக்கே கார் கொண்டுவந்தாராம். ஒரிஜினல் சான்றிதழ் எல்லாவற்றையும் அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் சொன்னதை விட அதிகக் கட்டணம். திரும்பி வருகிறேன் என்றபோது மீதி வருடங்களின் பணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அவள் அப்பா என் கடையில் உட்கார்ந்து, "மக்களே, ஒரு மனு எழுதித் தரணும்" என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு வருடம் போய்விட்டது அந்தப் பிள்ளைக்கு.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். சேருவதற்கு முன்னால், இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் அந்த மாநில நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள். பிள்ளைகள் எந்த மருத்துவமனையில் வேலை பழகுகிறார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் அங்கே இப்போது படிக்கிற ஒரு நம் ஊர்ப் பிள்ளையிடம் நேரில் பேசுங்கள். மொத்த வருடங்களுக்கான கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கிடைக்காது என்பதை ஏஜென்ட் சொல்ல மாட்டார், அந்தச் சலுகை அரசு கவுன்சிலிங் வழியாகப் போகிறவர்களுக்குத்தான்.

கப்பல் வேலைக்கும் இதே எச்சரிக்கை. கப்பலில் மாலுமியாகச் சேருவதற்கான ஜிபி ரேட்டிங் பயிற்சி ஆறு மாதம். அது மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையமா என்று பட்டியலைப் பாருங்கள், ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு அதே இயக்குநரகம் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிற பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது.

பணம்

நகையை அடகு வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில. அப்பாவிடமோ அம்மாவிடமோ கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, மீனவர் நலவாரிய அட்டை, வேறு எந்தத் தொழிலாளர் நலவாரிய அட்டையாவது இருக்கிறதா? இருந்தால் பிள்ளை படிப்புக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கும், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கும் மேல்படிப்பு உதவித்தொகை இருக்கிறது, வருமான வரம்பு வருடம் 2.5 லட்சம். முதல் பட்டதாரிச் சலுகையைக் குடும்பத்தில் ஒரு பிள்ளைதான் வாங்க முடியும் என்பதால், இரண்டு பிள்ளைகள் இருந்தால் யாருக்கு என்று யோசித்து எடுங்கள்.

கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

ரிசல்ட் வந்த அன்று

மார்க்கைப் பார்த்துவிட்டு, மூன்று வழி எழுதிய பேப்பரை எடுங்கள். அன்றைக்கே எங்கேயும் பணம் கட்ட வேண்டாம். சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள், "விண்ணப்பம் போடுகிறோம், மாமா" என்று சொன்னால் போதும்.

ஒரு பாடத்திலோ இரண்டிலோ தவறியிருந்தால் அந்த வருடம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் துணைத்தேர்வு வரும், பள்ளியிலேயே பணம் கட்டிப் பதிவு செய்யலாம். பாலிடெக்னிக் முதல் வருடத்துக்கும் ஐடிஐக்கும் பத்தாம் வகுப்பு மார்க்கே போதும் என்பதால் அந்தக் கதவு அப்போதும் திறந்துதான் இருக்கும். அன்று ராத்திரி பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள், சாப்பிட வையுங்கள், மார்க் பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். 104 அல்லது 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிட்டால் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார், பிள்ளையும் கூப்பிடலாம், அப்பா அம்மாவும் கூப்பிடலாம்.

சேர்ந்த பிறகு முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் விண்ணப்பத்தைப் பார்க்கிற ஆசிரியர் யார், மற்ற உதவித்தொகைகளுக்குக் கடைசித் தேதி என்ன. பஸ் பாஸுக்கு போட்டோ இரண்டு கையில் இருக்கட்டும். ஒரிஜினல்களைச் சரிபார்த்து முடித்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கி, ஒரு செட் ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஜூன் மாதம் மழை நேரம், ஃபைலை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டே கொண்டு போங்கள்.